பழைய பேஸ்பால் ரூக்கி கார்டு வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இது: அமெரிக்காவில் வசிக்கும் ஒருவர் 1,500 டாலர் ஒதுக்கி, 1980-ஐ ஒட்டியும் அதற்கு முன்பும் வந்த பேஸ்பால் ரூக்கி கார்டுகளை, அதாவது ஆட்டக்காரர்களின் முதல் ஆண்டுக் கார்டுகளை, சேர்க்கத் தொடங்க நினைக்கிறார். எதில் ஆரம்பிப்பது, கிரேடு (தரப் புள்ளி) போட்டதை வாங்குவதா போடாததை வாங்குவதா, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார். கூடவே இன்னொன்று: ஒரு எஸ்டேட் சேலில் (இறந்தவரின் வீட்டுப் பொருள்களை விற்கும் இடத்தில்) டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட, நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேண்டிலின் கார்டை 400 டாலருக்குத் தருகிறார்களாம், வாங்கிவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள். அந்தக் கார்டு உண்மையானதாக இருந்தால், நான்கு மூலையும் தேய்ந்து நடுவில் மடிந்து கிடந்தாலும் பல்லாயிரம் டாலர் பெறும். 2022 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏலத்தில் எஸ்.ஜி.சி. என்னும் தரம் பார்க்கும் நிறுவனத்திடம் 10-க்கு 9.5 கிரேடு பெற்ற ஒரு பிரதி 1.26 கோடி டாலருக்குப் போனது. அந்தச் செய்தி வந்த பிறகு இந்தக் கார்டின் பெயர் தெரியாத எஸ்டேட் சேல்காரர் யாரும் இருக்க மாட்டார். 400 டாலருக்குத் தருகிறார் என்றால் அது என்னவென்று அவருக்கே தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் அது மறுபதிப்பாக இருக்கும். 1952 தொகுப்பை டாப்ஸ் நிறுவனமே 1983-இல் மறுபடி அச்சிட்டது. அசலின் அளவு 2⅝ × 3¾ அங்குலம், அதாவது ஏறக்குறைய 66.7 × 95.3 மி.மீ. 1983 மறுபதிப்போ இன்றைய வழக்கமான அளவான 2½ × 3½ அங்குலத்தில்தான் வந்தது. பின்பக்கம் மறுபதிப்பு என்ற குறிப்பும் இருக்கும். அதைச் சுரண்டிவிட்டு, தேநீரில் நனைத்துப் பழுப்பேற்றி விற்பது பழைய வித்தை. இந்த ஒரு கார்டுக்கு ஸ்கேல் போதும். ஆனால் 1952 அளவிலேயே அச்சடித்த திருட்டுப் போலிகளும் சுற்றுகின்றன, அவற்றைப் பிடிக்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்று: அது மேண்டிலின் ரூக்கி கார்டே இல்லை. அவருடைய ரூக்கி, போட்டி நிறுவனமான போமனின் 1951 கார்டு, 253-ஆம் எண். 1952 டாப்ஸ் 311-ஆம் எண் கார்டுக்கு விலை அதிகம் கிடைப்பதற்குக் காரணம் வேறு. டாப்ஸ் வெளியிட்ட முதல் பெரிய தொகுப்பு அது. மொத்தம் 407 கார்டுகள். 311 முதல் 407 வரையிலான கடைசி வரிசை ஆண்டின் பின்பகுதியில் கடைக்கு வந்து, விற்காமல் தேங்கியது. டாப்ஸின் சை பெர்கர் அந்தத் தேக்கத்தை 1960-இல் படகில் ஏற்றி அட்லான்டிக் கடலில் கொட்டிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்த அரிய வரிசைக்குள் மேண்டில் அரியவர் அல்ல. ஜாக்கி ராபின்சன் (312), பாபி தாம்சன் (313) ஆகியோரோடு அவர் கார்டும் அச்சுத்தாளில் இரண்டு தடவை இடம்பெற்றது. ஆக, இந்தச் சந்தையில் அரிதானது எது, விலையுள்ளது எது, ரூக்கி எது என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். விற்பவர் இவற்றைக் கலந்துதான் பேசுவார். நீங்கள் பிரித்துக் கேளுங்கள்.

ஆட்டக்காரர் தேசிய அளவில் விற்கப்பட்ட ஒரு தொகுப்பில் முதன்முதலில் இடம்பெற்ற ஆண்டின் கார்டுதான் ரூக்கி என்பது பொதுவான வழக்கம். உள்ளூரில் மட்டும் வந்தவை, மைனர் லீக் (கீழ்நிலைப் போட்டி) கார்டுகள் இவற்றை ரூக்கிக்கு முந்தையவை என்று ஒதுக்குவார்கள். பேப் ரூத்தின் 1914 பால்டிமோர் நியூஸ் கார்டு அப்படிப்பட்டது. அதில் அவர் இன்னும் மைனர் லீக் ஆட்டக்காரர். ஆனாலும் 2023 இறுதியில் அது 72 லட்சம் டாலருக்கு விற்றது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலத்தில் இந்த வரையறை அவ்வளவு கறாராகப் பொருந்தாது. பலர் வாங்க ஆசைப்படும் கௌடி நிறுவனத்தின் 1933 ரூத் கார்டுகள் (53, 144, 149, 181) அவர் ஏற்கெனவே பெரும்புகழ் அடைந்த பிறகு வந்தவை. டி206 என்னும் பழைய சிகரெட் கார்டுத் தொகுப்பின் ஹோனஸ் வாக்னரும் ரூக்கி அல்ல. ஜாக்கி ராபின்சன் விஷயத்தில் 1948 லீஃப் (79), 1949 போமன் (50) இரண்டையும் சேகரிப்பாளர்கள் ரூக்கி என்றே ஏற்கிறார்கள். லீஃப் கார்டில் 1948 என்று பதிப்புரிமை ஆண்டு இருந்தாலும் அது கடைக்கு வந்தது 1949-இல் என்பதே இன்றைய பொதுக் கருத்து.

காலத்தின் மறு எல்லை 1980. 1956-இல் போமனை டாப்ஸ் வாங்கிக்கொண்ட பிறகு கால் நூற்றாண்டுக்குச் சந்தை ஏறத்தாழ அவர்கள் கையில்தான் இருந்தது. போட்டி நிறுவனமான ஃப்ளியர் தொடுத்த வழக்கின் தீர்ப்புக்குப் பின் 1981-இல் ஃப்ளியரும் டான்ரஸும் உள்ளே வந்தார்கள். அதன் பிறகு அச்சு எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. 1980-களின் பின்பாதிக் கார்டுகள் இன்னும் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன, அவற்றை இந்தப் பதிலில் சேர்க்கவில்லை. ரிக்கி ஹெண்டர்சனின் 1980 டாப்ஸ் (482) எல்லையில் நிற்கும் கடைசிப் பெரிய ரூக்கி.

1973 வரை டாப்ஸ் ஒரு தொகுப்பை ஒரே மூச்சில் வெளியிடவில்லை. மார்ச் முதல் செப்டம்பர் வரை வரிசை வரிசையாக விட்டது. கடைசி வரிசை வரும்போது பையன்கள் ஃபுட்பால் கார்டுக்குத் தாவியிருப்பார்கள், கடைக்காரரும் குறைவாகவே எடுப்பார். அதனால்தான் பெரிய எண்கள் கிடைப்பது கடினம். டாம் சீவரின் 1967 டாப்ஸ் 581-ஆம் எண், அந்த ஆண்டின் கடைசி வரிசை. அதே வரிசையில் ராட் கரூ 569. மைக் ஷ்மிட்டின் 1973 கார்டு 615. தொகுப்பில் எண் எங்கே விழுகிறது என்று பாருங்கள், விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதில் பாதி புரிந்துவிடும்.

1960-களின் ரூக்கிகளில் பெரும்பாலானவை ஒரே கார்டில் இரண்டு, மூன்று, நான்கு முகங்களோடு இருக்கும். நோலன் ரயன் 1968 (177) ஜெர்ரி கூஸ்மனோடு. பீட் ரோஸ் 1963 (537) இன்னும் மூன்று பேரோடு. புதியவர்களுக்கு இது பிடிப்பதில்லை. தனி முகம்தான் வேண்டுமென்றால் பெரும்பாலும் 1950-களுக்குப் போக வேண்டும்: 1954-இல் ஹேங்க் ஏரன் (128), எர்னி பேங்க்ஸ் (94), அல் கேலைன் (201), 1955-இல் சாண்டி கூஃபாக்ஸ் (123), ஹார்மன் கில்லப்ரூ (124), ராபர்ட்டோ கிளமென்டே (164), 1957-இல் டான் டிரைஸ்டேல் (18), ஃபிராங்க் ராபின்சன் (35), புரூக்ஸ் ராபின்சன் (328), 1959-இல் பாப் கிப்சன் (514).

இப்போது உங்கள் 1,500 டாலர். ஏரன், கிளமென்டே இருவரும் இந்தத் தொகைக்கு எட்டினால் அடிமட்ட கிரேடில்தான் எட்டுவார்கள். மொத்தப் பணத்தையும் ஒன்றிலேயே போட்டு, அதில் தவறு நேர்ந்தால் சேகரிப்பு அங்கேயே முடிந்துவிடும். என் யோசனை: பாதிப் பணத்தில், பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றும் சந்தை அதிகம் கொண்டாடாத நால்வர் ஐவரை நடுத்தர கிரேடில், அதாவது 5 அல்லது 6-இல், வாங்குங்கள். இவற்றில் பெரும்பாலானவை அந்த கிரேடில் நூறு இருநூறு டாலர் அளவில் கிடைக்கக்கூடியவை:

1957 ஜிம் பன்னிங் (338)
1961 வான் மாரிஷால் (417), பில்லி வில்லியம்ஸ் (141), ரான் சான்டோ (35)
1962 கேலார்ட் பெர்ரி (199)
1965 ஸ்டீவ் கார்ல்ட்டன் (477), ஜோ மார்கன் (16)
1966 ஜிம் பாமர் (126), ஃபெர்கி ஜென்கின்ஸ் (254)

இவற்றை வாங்கும்போதே ஒவ்வோர் ஆண்டின் தாள், அச்சு, வெட்டு எல்லாம் கைக்குப் பழகிவிடும். மிச்சப் பாதியோடு ஆறு மாதம் கழித்து குறைந்த கிரேடு ரயன் அல்லது கூஃபாக்ஸ் ஒன்றுக்குப் போகலாம். இன்னொரு வேலையும் செய்யுங்கள்: வாங்க நினைக்கும் ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் யாருக்கும் தெரியாத ஆட்டக்காரரின் மலிவான கார்டு இரண்டை ஸ்லாபில் (கிரேடு போட்ட கார்டை மூடி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியில்) அடைக்காமல் வாங்கி வையுங்கள். சில டாலர்தான். பின்னால் சொல்லப்போகும் எல்லாச் சோதனைக்கும் அவைதான் உரைகல்.

கிரேடு பற்றி. பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கெட் ஆகிய மூன்று நிறுவனங்களின் தரச்சான்றைத்தான் பழைய கார்டுச் சந்தை பெரிதும் மதிக்கிறது. 2024-இல் எஸ்.ஜி.சி.யை பி.எஸ்.ஏ.யின் தாய் நிறுவனமே வாங்கிவிட்டது. பெட்டியும் அதில் கிரேடு எழுதிய சீட்டும் இன்னும் தனித்தனிதான். ஒரே கார்டுக்கு ஒரே எண் கிரேடு கிடைத்தாலும், பெரும்பாலும் பி.எஸ்.ஏ. பெட்டியில் இருப்பதுதான் அதிக விலைக்குப் போகிறது. வைத்துப் பார்த்து ரசிக்க வாங்குகிறவருக்கு இது நல்ல செய்தி: எஸ்.ஜி.சி.யின் கறுப்புச் சட்டத்துக்குள் பழைய கார்டு அழகாகவே இருக்கும், விலையும் குறையும். இவை தவிர வேறு பெயர் போட்ட பெட்டி என்றால் அதைக் கிரேடு போடாத கார்டாகவே கருதி விலை சொல்லுங்கள்.

மூலை, ஓரம், மேற்பரப்பு, சென்டரிங் (படம் நடுவில் இருக்கிறதா என்பது) என்று நான்கையும் பார்த்துத்தான் எண் போடுகிறார்கள். சென்டரிங்கை நீங்களே அளக்கலாம். படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை எல்லை இடப்பக்கம் 3 மி.மீ., வலப்பக்கம் 2 மி.மீ. என்றால் அது 60/40. பி.எஸ்.ஏ.வில் 9-க்கு முன்பக்கம் 60/40, 8-க்கு 65/35, 7-க்கு 70/30, 6-க்கு 80/20 வரை பொறுப்பார்கள். மற்ற எல்லாம் நன்றாக இருந்து ஒரு குறை மட்டும் துருத்தினால் எண்ணோடு எழுத்தும் சேர்ப்பார்கள்: சென்டரிங் போனால் ஓ.சி., பேனா பென்சில் குறி இருந்தால் எம்.கே., கறைக்கு எஸ்.டி. எழுத்தோடு வரும் கார்டு சந்தையில் சுமார் இரண்டு படி கீழே உள்ளதன் விலைக்குப் போகும். “8” என்பதைப் பெரிதாகவும் “ஓ.சி.” என்பதைச் சிறியதாகவும் காட்டும் விளம்பரப் படங்கள் ஏராளம்.

நடுத்தர கிரேடில்தான் கண்ணுக்கு வேலை. 5 என்ற எண்ணுக்குள் எத்தனையோ வகை அடங்கும். ஒன்றில் மூலைகள் மொட்டையாகி, படம் மட்டும் நேற்று அச்சிட்டதுபோல் பளிச்சென்று இருக்கும். இன்னொன்றில் மூலை கூர்மை, ஆனால் படம் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு, முகத்தின் மேல் அச்சுப்புள்ளி விழுந்திருக்கும். இரண்டுக்கும் விலை ஒன்றென்றால் முதலாவதை எடுங்கள். விற்கும்போது அதற்குத்தான் ஆள் வருவார்கள். பின்பக்கத்துக் கறையால் 3-க்கு இறங்கிய, முன்பக்கம் சுத்தமான கார்டுகள் என் கணக்கில் இந்தச் சந்தையின் நல்ல பேரம். மெழுகுத்தாள் உறையில் கடைசியாக இருந்த கார்டின் பின்புறம் மெழுகு ஒட்டிய கறை டாப்ஸ் கார்டில் சகஜம். முன்பக்கம் படம் உரிந்திருந்தால் மட்டும் ஒதுங்கிவிடுங்கள்.

தொகுப்புக்குத் தொகுப்பு பலவீனம் மாறும். 1954 டாப்ஸில் மேல் விளிம்பில் வெள்ளை எல்லையே கிடையாது, வண்ணம் ஓரம் வரை ஓடும். அங்கே சிறு சிராய்ப்பும் வெள்ளையாகத் தெரியும். 1971 டாப்ஸின் எல்லை கறுப்பு. அந்த ஆண்டு பர்ட் பிளைலெவன் (26), ஸ்டீவ் கார்வி (341) ரூக்கிகள் உயர் கிரேடில் அபூர்வமாக இருப்பதற்கு அதுவே காரணம். 1975-இல் இருவண்ண எல்லை. ஜார்ஜ் பிரெட் (228), ராபின் யவுன்ட் (223) கார்டுகளின் மூலைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதே ஆண்டு சோதனைக்காக 2¼ × 3⅛ அங்குலத்தில் மினி வடிவமும் சில பகுதிகளில் விற்றார்கள். அளவு குறைகிறதே, வெட்டிவிட்டார்களோ என்று அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வெட்டு என்றவுடன், இந்தப் பொழுதுபோக்கில் பணம் அதிகம் போகும் இடத்துக்கு வருகிறோம். முழுப் போலியைவிட ஆபத்தானது ஓரம் வெட்டிய அசல். மூலை தேய்ந்த கார்டின் விளிம்பைக் கூரான கத்தியால் முடியளவு சீவினால் மூலை மறுபடி கூராகும், சென்டரிங்கும் சரியாகும். 4 ஆக இருந்தது 7 போலத் தோன்றும். வல்லுநர்களே ஏமாந்ததற்குப் பெரிய சாட்சி, ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு காலத்தில் வைத்திருந்த டி206 வாக்னர். பி.எஸ்.ஏ. முதன்முதலில் கிரேடு போட்ட கார்டு அதுதான், 8 கொடுத்தார்கள். ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ மோசடி வழக்கில் 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்தக் கார்டின் ஓரங்களைத் தாம் வெட்டியதையும் ஒப்புக்கொண்டார்.

ஸ்லாப் இல்லாத கார்டை எடுத்துப் பார்க்கும் வரிசை இப்படி இருக்கட்டும்.

கையைக் கழுவி, நன்றாக ஈரம் துடைத்துவிட்டு, கறுப்புத் துணிமேல் கார்டை வையுங்கள். கையுறை தேவையில்லை, அதில் விரலின் பிடி தெரியாமல் மூலை மடங்கும். பிளாஸ்டிக் ஸ்கேலால் அளங்கள். இரும்பு காலிப்பரின் தாடை விளிம்பை நசுக்கிவிடும். 1957 முதல் டாப்ஸ் 63.5 × 88.9 மி.மீ., 1952–56 டாப்ஸ் முன்பு சொன்ன பெரிய அளவு, 1951 போமன் ஏறக்குறைய 52.4 × 79.4, லீஃப், கௌடி இரண்டும் 60.3 × 73, டி206 சுமார் 36.5 × 66.7. தொழிற்சாலையிலேயே அரை மி.மீ. முன்பின் வரும். ஒரு மி.மீ. குறைந்தால் சந்தேகியுங்கள். அளவு சரியாக இருந்தால் நிம்மதி என்று அர்த்தமில்லை. தொழிற்சாலையில் பெரிதாக வெட்டுப்பட்ட கார்டைத் தேடிப்பிடித்துச் சீவுகிறவர்கள் உண்டு.

அடுத்து, உங்களிடம் உள்ள அதே ஆண்டின் மலிவுக் கார்டை இதன்மேல் வைத்து நான்கு விளிம்பையும் பக்கவாட்டில் நோக்குங்கள். ஐம்பது அறுபது வருடம் பழகிய விளிம்பு மங்கிய பழுப்பில், லேசாக நார் தெரிய, ஒரு பக்கம் சற்றுச் சரிந்து இருக்கும். புதிதாகச் சீவிய விளிம்பு வெளுப்பாகவும் வழவழப்பாகவும் நிற்கும். நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் அதுதான் வெட்டுப்பட்ட பக்கம். எதிரெதிர் விளிம்புகள் இணையாக ஓடுகின்றனவா, நடுவில் உள்வாங்கி மூலையில் கொக்கி போல நீட்டுகிறதா என்றும் பாருங்கள். மேற்பரப்பு முழுக்கச் சுருக்கமும் தேய்மானமும் இருக்க, மூலை மட்டும் ஊசிபோல இருந்தால் கணக்கு உதைக்கிறது.

பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கார்டின் தளத்தோடு படுக்க வைத்து வெளிச்சம் பாய்ச்சுங்கள். மடிப்பு, சிலந்திவலை போன்ற நுண்சுருக்கம், அழித்த பென்சில் தடம் எல்லாம் நிழலோடு எழும்பும். நேர் வெளிச்சத்தில் எடுத்த விற்பனைப் படத்தில் இவை எதுவும் தெரியாது. ஈரமேற்றி அழுத்திச் சுருக்கத்தை மறைப்பார்கள். சில மாதத்தில் அது திரும்ப வந்துவிடும். வண்ணம் தீட்டியதைப் பிடிக்க புற ஊதா விளக்கு வேண்டும். 1971-இன் கறுப்பு விளிம்பில் மார்க்கர் போட்டிருந்தால் அந்த இடம் வேறு நிறத்தில் தெரியலாம். லென்ஸில் பார்த்தால் மை அச்சுப்பரப்பின் மேல் நிற்காமல் நாருக்குள் ஊறியிருக்கும்.

ஆல்பத்தில் ஒட்டிய கார்டைத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பதைச் சேகரிப்பாளர்கள் பலர் குற்றமாக நினைப்பதில்லை. ரசாயனம் வேறு கதை. வாங்குகிறவர் இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

முழுப் போலிக்கு 10 முதல் 30 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். அசலில் படம் பலவண்ணப் புள்ளிகளால் ஆனது. ஆனால் பெயர், எல்லைக்கோடு, கறுப்பு எழுத்து இவை தனி மையில் திட்டமாக, விளிம்பு கூராக அச்சாகியிருக்கும். அசலை ஸ்கேன் செய்து அச்சிட்ட போலியில் எழுத்தும் கோடும்கூடப் புள்ளிகளாகச் சிதறும். மலிவுப் போலிகளை மடக்க இது ஒன்றே பெரும்பாலும் போதும். அடுத்து புற ஊதா விளக்கு: தாளை வெளுத்துக் காட்டும் ஒளிரூட்டிப் பொருள் போருக்கு முந்தைய அட்டைகளில் கிடையாது. டி206-ஓ கௌடியோ நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். 1950-களுக்குப் பிந்தையவற்றை அதே ஆண்டின் மலிவுக் கார்டோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்ல முடியும். பின்னாலிருந்து டார்ச் அடித்து ஊடுருவும் ஒளியையும் அப்படியே ஒப்பிடுங்கள்.

போலி மிகுந்த பெயர்களை நினைவில் வையுங்கள்: 1951 போமன் மேண்டில், 1952 டாப்ஸ் மேண்டில், லீஃப் ராபின்சன், 1963 ரோஸ், 1968 ரயன். ரோஸ் கார்டின் போலி 1980-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் அச்சாகி வந்தது. பிடிபட்டவற்றின் பின்பக்கம் போலி என்று முத்திரை குத்தி, பிறகு அவையும் சேகரிப்புப் பொருளாகவே விலைபோயின! இந்த ஐந்து பெயரையும் ஸ்லாப் இல்லாமல் வாங்காதீர்கள், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

ஸ்லாபும் வேதவாக்கு அல்ல. சீட்டில் உள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, ஆட்டக்காரர், ஆண்டு, கிரேடு மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அதோடு நிறுத்தினால் போதாது, ஏனென்றால் உண்மையான எண்ணைத் திருடிப் போலிச் சீட்டில் அடிப்பார்கள். தளத்தில் கார்டின் படம் இருந்தால் சென்டரிங்கும் அச்சுப்புள்ளியும் கையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடுங்கள். இரண்டு கார்டுக்கு ஒரே வெட்டு அமையாது. பெட்டியின் விளிம்பு வெள்ளையாகப் பூத்தோ பசை தடவியதுபோலவோ இருந்தால் திறந்து மூடியிருக்கிறார்கள். நிறுவனங்கள் வெளியிடும் கிரேடு எண்ணிக்கைப் பட்டியலில் “இந்தக் கிரேடில் இத்தனைதான்” என்ற எண்ணிக்கையையும் அப்படியே நம்பாதீர்கள். உயர் கிரேடு கேட்டு ஒரே கார்டை உடைத்து உடைத்து மறுபடி அனுப்புவதால் ஒன்றே மூன்று தடவை எண்ணப்பட்டிருக்கும்.

நீங்களே கிரேடுக்கு அனுப்புவதானால், கார்டை மென்மையான உறையில் போட்டு, பிறகு கார்டு சேவர் 1 என்னும் அரைவிறைப்பு உறையில் செருகி அனுப்புவது வழக்கம். கட்டணம் நீங்கள் அறிவிக்கும் மதிப்பைப் பொறுத்தது. கிரேடு போட்ட பின் மதிப்பு கூடினால் கட்டணத்தையும் கூட்டுவார்கள். நூறு டாலர் கார்டுக்கு இது பெரும்பாலும் கட்டாது. வெட்டியது, வண்ணம் தீட்டியது என்றெல்லாம் திருப்பி அனுப்பினாலும் பணம் போனது போனதுதான்.

விலை பார்க்கும்போது ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்கவே கூடாது. விற்று முடிந்தவற்றை வடிகட்டி, கடந்த மூன்று மாதத்தில் அதே கிரேடு, அதே நிறுவனம் என்று ஐந்தாறு விற்பனையை எடுங்கள். மேலும் கீழும் ஒன்றை விட்டுவிட்டு மிச்சத்தின் சராசரியைப் பிடியுங்கள். பேரத்துக்கு ஒப்புக்கொண்ட விற்பனையில் ஈபே காட்டும் தொகை உண்மையான விலை அல்ல, கோடு போட்டு அடித்துக் காட்டிய, முதலில் கேட்ட விலை. 130 பாயின்ட் போன்ற தளத்தில் அசல் தொகை கிடைக்கும். ஏல நிறுவனங்களில் சுத்தியல் விலைமேல், அதாவது ஏலம் முடிந்த தொகைமேல், 20 விழுக்காடோ அதற்கு மேலோ வாங்குபவர் கட்டணம் ஏறும். அதைக் கழித்துத்தான் உங்கள் உச்சத்தை முடிவு செய்ய வேண்டும். 2020–21-இல் விலைகள் வெறிபிடித்து ஏறின. கார்டுகள் குவிந்து தாங்காமல் 2021 மார்ச்சில் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளையே நிறுத்தி வைத்தது. அந்த நேரத்து விலைகளை இன்னும் மேற்கோள் காட்டும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். தேதியைப் பாருங்கள்.

செய்திக்கு விலை துள்ளும். ரோஸ் 2024 செப்டம்பரில் இறந்தார். 2025 மே மாதம் மேஜர் லீக் பேஸ்பால் அவர் பெயரைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது. இப்படிப்பட்ட நாட்களில் விற்கலாம், வாங்க வேண்டாம்.

வீட்டில் வைப்பது சுலபம், கெடுப்பது அதைவிடச் சுலபம். பென்னி ஸ்லீவ் என்னும் சாதாரண மெல்லிய பிளாஸ்டிக் உறை 2½ அங்குல அகலக் கார்டுக்குச் செய்தது; 1952–56 டாப்ஸைத் திணித்தால் மூலை அங்கேயே போகும். பெரிய அளவு ஸ்லீவ் தனியாக வாங்குங்கள். பழைய வினைல் ஆல்பத் தாளில் பி.வி.சி. இருக்கும், அது கசிந்து கார்டில் ஒட்டும். பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நான்கு திருகு வைத்து இறுக்கும் கனமான பழைய பெட்டிகளில் கார்டு நசுங்கி அகலும். அப்படி நசுங்கியதைக் கிரேடு போடுபவர்கள் நிராகரிப்பார்கள். ஈரமான பேஸ்மென்ட், கொதிக்கும் அட்டிக் இரண்டும் வேண்டாம். படுக்கையறை அலமாரியில் 18–21 டிகிரி செல்சியஸ், 40–50 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால் போதும். சுவரில் மாட்டினால் வெயில் படாத சுவர். அஞ்சலில் அனுப்பும்போது உறையின் வாயில் சாதாரண செலோ டேப் ஒட்டாதீர்கள், பிரிக்கும்போது பசை கார்டில் படும். பெயின்டர்கள் பயன்படுத்தும் நீல டேப் சரியாக இருக்கும்.

வாங்கிய ரசீதையும் சான்று எண்ணையும் இருபுறப் படத்தையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வீட்டுக் காப்பீட்டில் இத்தகைய பொருள்களுக்கு உச்சவரம்பு தாழ்வாகவே இருக்கும். சேகரிப்பு சில ஆயிரம் டாலரைத் தாண்டினால் தனிக் காப்பீடு எடுக்கலாம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து லாபத்தில் விற்றால் அமெரிக்க மத்திய வரிச்சட்டம் இவற்றைச் சேகரிப்புப் பொருளாகவே பார்க்கிறது. பங்குகளுக்குப் பொருந்தும் குறைந்த விகிதம் இல்லை, உச்ச விகிதம் 28 விழுக்காடு. வாங்கிய விலைக்கு ரசீது இல்லையென்றால் எவ்வளவு லாபம் என்று காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்காது. ஈபே கட்டணம், அஞ்சல் செலவு, கிரேடு கட்டணம் ஆகியவற்றின் சீட்டுகளையும் அதே கோப்பில் சேருங்கள்.